அனோரெக்சியா நேர்வோசா: நோயுற்றோரின் அனுபவமும் விளக்கமும் – ஒரு நோக்கு

நோயைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்குரியது? உடல்நோய்கள் பலவற்றில் இவ்வினா எழுவதில்லை. காய்ச்சலுற்றவர் தமது வேதனையைக் கூறுகின்றார். வைத்தியர் அதனைக் கேட்டுக் காரணத்தைத் தேடுகின்றார். இருவரும் விரும்புவது நோய் நீங்குதல் என்னும் ஒன்றையே. ஆயின், நோயுற்றவரே தமது நோயை நோயென ஏற்காதவிடத்து, அல்லது அதனைத் தமது துணையாகக் கருதி விட மறுக்குமிடத்து, அவர் கூற்றை நாம் எங்ஙனம் கொள்வது? நோயின் அறிகுறியெனத் தள்ளிவிடுவதா, அன்றி அவரது சொந்தத் தீர்மானமென மதித்து ஒதுங்கிக்கொள்வதா? இவ்விரு வழிகளும் உயிரிழப்பில் முடியக்கூடியன. அனோரெக்சியா நேர்வோசா என்னும் நோய் மருத்துவத்துறைக்கு அப்பாலும் சிந்திப்போரின் கவனத்துக்குரியதாவது இதனாலேயே.

இந்நோயுற்றோர் உணவைப் படிப்படியாகக் குறைத்து, உடல் மெலிந்து, உயிராபத்தான நிலையை எய்திய பின்னரும் உண்பதற்கு அஞ்சுகின்றனர். பெரும்பாலும் குமரப் பருவத்துப் பெண்களிடையே தொடங்குவதாயினும் ஆண்களும் இதற்கு ஆளாகின்றனர். ஜோன் ஆர்சேலஸ் முதலானோர் 36 ஆய்வுகளைத் திரட்டி 2011இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்நோயுற்றோரின் மரண வீதம் ஒத்த வயதினரிடையே எதிர்பார்க்கத்தக்க வீதத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்காகும். இறந்தோருள் ஐவரில் ஒருவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். மறுபுறத்தில், 119 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஸ்டைன்ஹவுசன் என்பார், உயிர்பிழைத்தோரில் அரைவாசிக்குச் சற்றுக் குறைவானோர் முற்றாகக் குணமடைந்தனரென்றும், மூன்றிலொரு பங்கினர் ஓரளவு தேறினரென்றும், ஐந்திலொரு பங்கினரே நெடுநாள் நோயாளராக எஞ்சினரென்றும் 2002இல் எடுத்துக்காட்டினார். எனவே இது கொடிய நோய். ஆயின் மீளவியலாத நோயன்று.

இந்நோயின் காரணங்கள் யாவற்றையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நோயுற்றோர் தமது நிலையை எவ்வாறு அனுபவிக்கின்றனர், அதற்கு எத்தகைய பொருள் கற்பிக்கின்றனர், அவர்தம் கூற்றை மருத்துவ உலகு எவ்வாறு எதிர்கொண்டது என்பவற்றையே ஈண்டு நோக்குவோம்.

1. பெயரும் பொருளும்

அனோரெக்சியா என்பது கிரேக்கச் சொல். அது வேட்கையின்மை, சிறப்பாக உணவில் வேட்கையின்மை எனப் பொருள்படும். சொல்லுக்குச் சொல் தமிழாக்கின் 'நரம்புசார் பசியின்மை' என்றே அமையும். இலண்டன் வைத்தியரான சேர் வில்லியம் கல் 1873இல் ஆற்றிய உரையிலும், மறு ஆண்டு அச்சேறிய கட்டுரையிலும் இப்பெயரை நிலைநாட்டினார். பெயர் நிலைத்தது, ஆயின் அது பொருந்தாப் பெயர். இந்நோயுற்றோரிற் பலருக்குப் பசி இல்லாமலில்லை. பசியோடு இடையறாது போராடுதலே அவர்தம் அன்றாட அனுபவம். பசித்தும் உண்ணாதிருத்தலை வெற்றியென்றும், உண்டுவிடுதலைத் தோல்வியென்றும் அவர்கள் உணர்கின்றனர். 'மெலிவு வெறி' எனப் பொருள்படும் ஜேர்மானியப் பெயர் இவ்வகையில் உண்மைக்குச் சற்று அண்மையில் நிற்கின்றது.

தமிழில் இந்நோய்க்குப் பெயர் தேடுவோர் வேறொரு இடர்ப்பாட்டையும் எதிர்நோக்குவர். பசியையே பிணியெனக் கண்ட மரபு எமது. 'பசிப்பிணி' என்னும் தொடரை மணிமேகலை வழியாக நாம் அறிவோம். உணவைத் துறத்தலைக் குறிக்க வடக்கிருத்தல், உண்ணாநோன்பு, உண்ணாவிரதம் முதலிய சொற்களும் நம்மிடம் உள. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தமைக்கு மானம் காரணமாயிற்று. அரசியற் போராளியின் உண்ணாவிரதத்துக்கு ஒரு கோரிக்கை காரணமாகின்றது. இச்சொற்கள் யாவற்றின் பின்னும் ஒருவர் தாமறிந்து மேற்கொண்ட நோக்கம் நிற்கின்றது. அனோரெக்சியாவில் அத்தகைய தெளிந்த நோக்கத்தைக் காண்பதரிது. ஆதலின் அந்நியப் பெயரையே இங்கு வழங்குகின்றோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிடும் நோய்வகைப்பாட்டு நூல், தக்க உடல்நிறையைப் பேண 'மறுத்தல்' என்பதை இந்நோயின் முதல் இலக்கணமாக நெடுங்காலம் கொண்டிருந்தது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் அச்சொல் நீக்கப்பட்டு, உணவின் அளவைக் கட்டுப்படுத்தல் எனப் பொருள்படும் தொடர் சேர்க்கப்பட்டது. மறுத்தல் என்பது வேண்டுமென்றே செய்வதைக் குறிக்கும். நோயாளரின் உள்ளத்தில் நிகழ்வது அத்துணை எளிதன்று என்பது உணரப்பட்டமையே இம்மாற்றத்துக்குக் காரணமாகும். ஒரு சொல்லின் நீக்கத்தில், நோயாளரைப் பிடிவாதக்காரராகக் கண்ட பழைய நோக்கின் தளர்ச்சியை நாம் காணலாம்.

2. மருத்துவர் கண்டதும் கேட்கத் தவறியதும்

கல் பெயரிடுவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகட்கு முன்னரே, ஆங்கில வைத்தியரான றிச்சட் மோட்டன் 1689இல் இலத்தீனில் வெளியிட்ட காசநோய் பற்றிய நூலில், காய்ச்சலோ இருமலோ இன்றி உடல் தேய்ந்த இருவரைப் பற்றி எழுதினார். அவருள் ஒருத்தி பதினெட்டு வயதினள். இரவும் பகலும் நூல்களில் ஆழ்ந்திருந்தவள். மனக்கவலைகளே நோயின் தோற்றுவாயென மோட்டன் கருதினார். அவள் சில காலத்தில் மருந்துகளை வெறுத்து, நோயை அதன் போக்கில் விட்டு இறந்தாள். மற்றையவர் ஓர் இளைஞர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

கல் உரையாற்றிய அதே 1873இல், பாரிஸ் நகர வைத்தியரான சாள்ஸ் லசேக் தாம் கண்ட நோயாளர் எண்மரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். நோயாளி தன் மெலிவு குறித்துக் கவலையுறாமை மட்டுமன்றி, தன் நிலையில் ஒருவகைத் திருப்தியும் கொண்டிருத்தலை அவர் கூர்ந்து கவனித்தார். குடும்பத்தினர் முதலில் கெஞ்சுவதும், பின்னர் அச்சுறுத்துவதும், இரண்டும் பயனற்றுப்போக வீடு முழுவதும் அவளது உணவையே சுற்றிச் சுழல்வதும் அவரது விவரணத்தில் இடம்பெறுகின்றன. கல்லோ உறவினரே நோயாளரைப் பராமரிக்க மிகத் தகுதியற்றோர் எனக் கருதி, ஒழுங்கான இடைவேளைகளில் உணவூட்டலையும் உறுதியான மேற்பார்வையையும் விதித்தார். இருவரும் நுணுகி நோக்கினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அத்திருப்தி எதனால் வந்தது என நோயாளியிடமே கேட்டறிதல் அக்காலத்து மருத்துவத்தின் பணியாகக் கொள்ளப்படவில்லை.

1914இல் ஜேர்மானிய நோயியலாளர் மொரிஸ் சிமொண்ட்ஸ், கபச்சுரப்பி சிதைந்து மெலிந்து இறந்த ஒரு பெண்ணின் நிலையை விவரித்ததைத் தொடர்ந்து, அனோரெக்சியாவும் அச்சுரப்பியின் நோயே என்னும் மயக்கம் இரு தசாப்தங்களுக்கு மேல் நிலவிற்று. சுரப்பிச் சாறுகள் மருந்தாயின. நோயாளரின் உரை மேலும் பின்தள்ளப்பட்டது.

நோயாளரின் எழுத்து மருத்துவத்தின் கையில் விரிவாகக் கிடைத்த சந்தர்ப்பங்களில் 'எலன் வெஸ்ட்' என்ற புனைபெயரால் அறியப்படும் பெண்ணின் வரலாறு புகழ்பெற்றது. சுவிற்சலாந்து உளமருத்துவரும் இருப்பியல்சார் பகுப்பாய்வின் முன்னோடியுமான லுட்விக் பின்ஸ்வாங்கர் அதனை 1944–45இல் வெளியிட்டார். அவள் நாட்குறிப்பும் கவிதையும் கடிதமும் எழுதியவள். உணவின்மீது அடங்கா ஏக்கமும் பருமனாவதில் அடங்கா அச்சமும் ஒருங்கே தன்னை வதைத்தமையைத் தானே தெளிவாக எடுத்துரைத்தவள். 1921இல் மருத்துவமனையிலிருந்து வெளியேறிய மூன்றாம் நாள் தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். பின்ஸ்வாங்கர் அவளது எழுத்துகளிலிருந்து ஆழ்ந்த தத்துவ விளக்கமொன்றைக் கட்டியெழுப்பினார். அமெரிக்க உளவியலாளர் கார்ல் றோஜர்ஸ் பின்னாளில் இவ்வரலாற்றை ஆராய்ந்து, அவளைச் சூழ்ந்தோர் அவளை ஒரு மனிதப்பிறவியாகவன்றி ஒரு பொருளாகவே நடத்தினர் எனக் குறை கண்டார். அவளது சொற்கள் கவனமாகப் பேணப்பட்டன. அச்சொற்களுக்குரியவளோடு உரையாடல் நிகழவில்லை என்பதே அவ்விமரிசனத்தின் சாரமாகும்.

இந்நிலையில் மாற்றத்தைக் கொணர்ந்தவர்களுள் ஹில்டே புறூக் தலையாயவர். 1904இல் ஜேர்மனியில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, நாற்சியர் ஆட்சிக்கு வந்த 1933இல் நாட்டை விட்டு வெளியேறி, அமெரிக்காவிற் பணியாற்றிய அவர், 1962இல் எழுதிய கட்டுரையில் இந்நோயின் மூன்று கூறுகளைச் சுட்டினார். தன் உடலின் தோற்றத்தைச் சரியாகக் காணவியலாமை ஒன்று. பசி, களைப்பு முதலிய உள்ளுணர்வுகளை இனங்காணவியலாமை மற்றொன்று. தன்னால் எதையும் செய்யவியலாது என்னும் முடக்கும் உணர்வு மூன்றாவது. உணவைக் கட்டுப்படுத்தல் இம்மூன்றாவது உணர்வுக்கு நோயாளர் கண்ட மாற்று என்பது அவரது கருத்து. 1978இல் வெளிவந்த அவரது நூலுக்குப் 'பொற்கூண்டு' எனப் பொருள்படும் தலைப்பு அமைந்தது, செல்வமிக்க வீட்டில் தன்னைக் கூண்டிலடைத்த குருவியாக உணர்ந்த ஒரு நோயாளியின் கூற்றிலிருந்தேயாகும்.

புறூக்கின் முறைமை பற்றிய விமரிசனமே நமக்கு இன்னும் முக்கியமானது. நோயாளியின் உள்ளத்தில் உள்ளது இதுவெனப் பகுப்பாய்வாளர் விளக்கிக் கூறுதல், நீ உணர்வது இதுவேயெனப் பிறர் எப்போதும் தனக்காகச் சொல்லிவந்த பழைய அனுபவத்தையே அவளுக்கு மீண்டும் தருகின்றது என அவர் வாதித்தார். எனவே வைத்தியர் தமது அறியாமையை ஒப்புக்கொண்டு, நோயாளி தன் உணர்வைத் தானே கண்டறியத் துணைநிற்றல் வேண்டும் என்றார். நோயின் தோற்றத்துக்குத் தாயின் வளர்ப்பு முறையைக் காரணங்காட்டிய அவரது கருத்துக்கு இன்று ஆதரவில்லை. கேட்டறிதல் பற்றிய அவரது படிப்பினை நிலைத்துள்ளது.

3. நோயுற்றோர் கூறுவது

இலண்டனைச் சேர்ந்த லூசி சேர்ப்பெல், ஜனற் றெஷர் முதலானோர் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்று எளிமையானது; ஆயினும் ஆழமான பயன் தந்தது. சிகிச்சை பெற்றுவந்த 18 பேரிடம் தமது நோய்க்கு இரு கடிதங்கள் எழுதுமாறு கேட்கப்பட்டது: ஒன்று நண்பனாகக் கருதி, மற்றொன்று பகைவனாகக் கருதி. நண்பனுக்கு எழுதிய கடிதங்களில் நோய் ஒரு காவலனாகத் தோன்றிற்று. அது தம்மைப் பாதுகாத்தது, வாழ்வைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துத் தந்தது, பிறரினின்றும் வேறுபட்டவராக்கியது, தாங்கவியலாத உணர்ச்சிகளை மரத்துப்போகச் செய்தது என அவர்கள் நன்றி பாராட்டினர். பகைவனுக்கு எழுதிய கடிதங்களிலோ, உணவைப் பற்றிய ஓயாத எண்ணம், சிதைந்த உடல்நலம், இழந்த நட்பு, தம்மை முற்றாக ஆட்கொண்டுவிட்ட ஒரு சக்தி என்பன பற்றிய கோபம் வெளிப்பட்டது. இரு கடிதங்களையும் எழுதியவர் ஒருவரே என்பது கருதத்தக்கது. எது உண்மைக் கூற்று எனக் கேட்பது இங்கு பயனற்றது, இரண்டும் உண்மையே.

நோயுற்றுத் தேறியோரின் கூற்றுகளிற் பெரும்பாலும் காலவரிசை ஒன்றும் காணப்படுகின்றது. தொடக்கத்தில் உணவைக் குறைத்தல் எழுச்சியையும் தன்னம்பிக்கையையும் தருகின்றது. பிறர் பாராட்டுவதும் உண்டு. சிறிது காலத்தில் தாம் வகுத்த விதிகள் தம்மையே ஆளத் தொடங்குகின்றன. விதியை மீறினால் எழும் அச்சம், விதியைக் கடைப்பிடித்தலால் வரும் மகிழ்ச்சியை விஞ்சுகின்றது. கட்டுப்படுத்துவோராகத் தொடங்கியவர் கட்டுண்டவராகின்றார். எந்நாளில் இம்மாற்றம் நிகழ்ந்ததென அவரால் கூறவியலாது. தொடக்க காலத்தில் அவரைச் சந்திக்கும் வைத்தியரும் பிற்காலத்தில் சந்திக்கும் வைத்தியரும் வெவ்வேறு விளக்கங்களைக் கேட்பதற்கு இதுவே காரணமாகும்.

இம்மாற்றத்தில் பட்டினிக்கும் பங்குண்டு. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் நடத்திய பரிசோதனையில், மனச்சாட்சியின்பாற்பட்டுப் போர்ப்பணியை மறுத்த ஆரோக்கியமான இளைஞர் 36 பேர் கலந்துகொண்டனர். போரினால் பட்டினியுற்ற ஐரோப்பிய மக்களுக்கு மீளுணவூட்டும் வழியை அறிதல் அதன் நோக்கம். ஆறு மாத காலம் குறையுணவுண்டு உடல்நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கை இழந்த அவ்விளைஞர், உணவையே சிந்தித்தனர். சமையல் நூல்களைப் படித்தனர். உணவை விசித்திரமான முறைகளில் கலந்து நெடுநேரம் உண்டனர். மனஞ்சோர்ந்து பிறரினின்றும் ஒதுங்கினர். அவர்கள் உடற்பருமனுக்கு அஞ்சியவரல்லர். எனவே அனோரெக்சியா நோயாளரின் இயல்புகளெனக் கருதப்பட்டவற்றுட் சில, பட்டினியின் விளைவுகளே என்பது தெளிவாயிற்று. நோயாளர் நோயைப் பற்றிச் சிந்திக்கும் உள்ளமே பட்டினியால் மாற்றமுற்ற உள்ளம் என்பதை நாம் மறத்தலாகாது.

மானிடவியலாளர் மேகன் வாரின் வன்கூவர், எடின்பரோ, அடிலெயிட் ஆகிய மூன்று நகரங்களில் இந்நோயுற்றோரோடு பழகி எழுதிய நூல் 2010இல் வெளிவந்தது. மெலிந்த அழகை விரும்புதல் என்னும் வழமையான விளக்கம் அவர் சந்தித்தோரின் அனுபவத்துக்குப் போதுமானதாகவில்லை. கொழுப்பு அவர்களுக்கு அசுத்தமாகத் தோன்றிற்று. தொடுகையாலும் மணத்தாலும் உடலுட் புகுந்துவிடுமோ என அஞ்சினோரும் இருந்தனர். மேலும், உணவைப் பகிர்தல் என்பது உறவைப் பகிர்தல் ஆதலின், உணவினின்றும் விலகியோர் உறவினின்றும் விலகினர். அவ்வெற்றிடத்தில் நோயே அவர்களுக்குத் தோழமையாயிற்று. நண்பனுக்கு எழுதிய கடிதங்களின் பொருள் இதனால் மேலும் விளங்குகின்றது.

4. சமூகம் தரும் சொற்கள்

தம் அனுபவத்தை விளக்க நோயுற்றோர் பயன்படுத்தும் சொற்கள் வெற்றிடத்திலிருந்து வருவனவல்ல. மத்தியகால ஐரோப்பாவில் 1380இல் மறைந்த சியன்னா நகரத்துக் கத்தரீன் போன்ற பெண்துறவியர் தமது உணவு மறுப்பை இறைபக்தியின் மொழியில் விளக்கினர். றுடொல்ஃவ் பெல் 1985இல் அதனை 'தூய அனோரெக்சியா' என அழைத்தார். கரொலைன் வோக்கர் பைனம் 1987இல் அந்நோன்பை அக்காலத்துச் சமய வாழ்வில் வைத்தே நோக்கவேண்டுமென வற்புறுத்தினார். பெண்ணிலைவாதியான சூசி ஓர்பாக் 1986இல் வெளியிட்ட நூலில் அனோரெக்சியாவை உண்ணாவிரதப் போராட்டத்தோடு ஒப்பிட்டார். பெண்ணின் உடலைச் சந்தைப்பொருளாக்கும் சமூகத்தில் அவ்வுடலொன்றே அவள் ஆளத்தக்க நிலமாக எஞ்சுகின்றது என்னும் இவ்வாதம் வலுவுடையது. ஆயினும் 1909 முதல் பிரித்தானியச் சிறைகளில் உண்ணாவிரதமிருந்த வாக்குரிமைப் போராளிகள் தமது கோரிக்கையை அறிந்திருந்தனர். அது நிறைவேறின் உண்ணத் தயாராயிருந்தனர். அனோரெக்சியா நோயாளருக்கு அவ்வாறு முடிவுறும் கோரிக்கை இல்லை. ஒப்புமை ஒளிதருவது, ஆயின் அது நோயின் துயரத்தை மறைத்துவிடவும் கூடும்.

இவ்வகையில் ஹொங்கொங் உளமருத்துவர் சிங் லீயின் ஆய்வுகள் சிறப்பான கவனத்துக்குரியன. அவரும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் ஆராயப்பட்ட 70 சீன நோயாளருள் 41 பேர் பருமனாவதில் அச்சம் தெரிவிக்கவில்லை. வயிறு உப்புகின்றது, பசிக்கவில்லை, உண்ண மனமில்லை என்றே அவர்கள் விளக்கினர். மேனாட்டு இலக்கணத்தின்படி பருமன் அச்சமின்றேல் அனோரெக்சியா இல்லை. அவ்விலக்கணத்தைக் கடுமையாகப் பின்பற்றின் இவர்கள் நோயாளரே அல்லர். ஆயின் உடல் மெலிந்து ஆபத்துற்ற நிலை ஒன்றே. நோயாளரின் கூற்றைத் தம் நூலுக்கேற்பத் திருத்துவதா, நூலைக் கூற்றுக்கேற்பத் திருத்துவதா என்பதே லீ எழுப்பிய வினா. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், பருமன் அச்சம் வெளிப்படாவிடினும் நிறையேற்றத்தைத் தடுக்கும் நடத்தை தொடர்ந்திருப்பின் போதும் எனும் திருத்தம் இடம்பெற்றது. இதற்கிடையில், 1987 முதல் 2007 வரையிலான நோயாளரை ஆராய்ந்த லீ குழுவினர், ஹொங்கொங்கிலும் பருமன் அச்சத்தைக் கூறுவோர் தொகை பெருகியமையைக் கண்டனர். காலமும் சூழலும் மாற, துன்பத்தைச் சொல்லும் மொழியும் மாறுகின்றது.

இதனால் நோய் வெறும் சமூகக் கற்பிதம் என்றாகாது. ஏறத்தாழ 17,000 நோயாளரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, நோயோடு தொடர்புடைய எட்டு மரபணு இடங்களை இனங்கண்டு, உளக்காரணிகளோடு உடலின் அனுசேபக் காரணிகளும் பங்கேற்பதைச் சுட்டியது. இது வசதி படைத்த வீட்டுப் பெண்களின் நோய் என்னும் நெடுங்காலக் கருத்தும் மீளாய்வுக்குரியது. விலைகூடிய சிகிச்சையை நாடி வந்தோரைக் கொண்டே அக்கருத்து உருவாயிற்று. மருத்துவமனையின் வாயிலை எட்டாதோரின் கூற்று ஏட்டில் ஏறுவதில்லை.

5. பேசுவது யார்?

இனி நாம் தொடங்கிய வினாவுக்கு மீள்வோம். இங்கிலாந்தில் ஜசிந்தா டான் முதலானோர் 2003இல் வெளியிட்ட ஆய்வுகளில் இளம் நோயாளர் பதின்மரோடும் பெற்றோரோடும் உரையாடினர். சிகிச்சையை மறுக்கும் தகுதியை அளக்கும் வழமையான சோதனைகளில் அந்நோயாளரிற் பெரும்பாலோர் நன்கு தேறினர். உண்மைகளை விளங்கிக்கொண்டனர், தருக்கமுறையாகச் சிந்தித்தனர். ஆயின் அவர்தம் மதிப்பீடுகள் மாற்றமுற்றிருந்தன. மெலிந்திருத்தல் உயிரினும் மேலாகத் தோன்றியது. நோயின்றேல் தாம் யாரென அறியாத நிலையும் சிலரிடம் காணப்பட்டது. அறிவு குன்றாதிருக்க, எது வேண்டும் என்பதே மாறிவிடும் இந்நிலையைச் சட்டத்தின் வழமையான அளவுகோல்கள் எளிதில் பிடிப்பதில்லை.

நோயை ஆளினின்றும் பிரித்து, 'இது நீயல்ல, நோய் பேசுகின்றது' எனக் கூறும் வழக்கம் இன்று சிகிச்சையிற் பரவியுள்ளது. குற்றவுணர்வால் வாடுவோருக்கு இது பெரும் ஆறுதல் தருகின்றது. இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பச் சிகிச்சை முறையிலும் இதற்கு இடமுண்டு. கல் விலக்கிவைத்த உறவினரை அம்முறை துணைவராக்கிற்று. இளவயதில் நோயுற்று, நோய் நாட்படாதோருக்கு அது பயன்தருவதை 1987இல் வெளியான பரிசோதனை காட்டிற்று. ஆயின் அதே வாக்கியம், கூறுபவர் எவர் என்பதைப் பொறுத்து, நோயாளியின் ஒவ்வொரு மறுப்பையும் செல்லாததாக்கும் கருவியாகவும் மாறக்கூடும்.

டான் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கு வழிகாட்டுகின்றது. நோயுற்ற இளம்பெண்கள் 29 பேரிடம் கட்டாயச் சிகிச்சை பற்றி வினவியபோது, உயிரைக் காக்க வேண்டியவிடத்து அது சரியே எனப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டனர். சட்டத்தின் கட்டாயம் உண்டா இல்லையா என்பதினும், சிகிச்சையளிப்போரோடும் பெற்றோரோடும் தமக்கிருந்த உறவு எத்தகையது என்பதே அவர்களுக்கு முக்கியமாயிற்று. நம்பிக்கையுள்ள உறவில் கட்டுப்பாடும் அக்கறையாக உணரப்பட்டது. நம்பிக்கையற்ற உறவில் அறிவுரையும் வன்முறையாக உணரப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் முடிபு இதுவாகும். நோயுற்றோரின் கூற்றை வெறும் அறிகுறியெனத் தள்ளுதல் தவறு; அதன் ஒரு கூற்றை மட்டும் கேட்டு, இறுதித் தீர்மானமென ஒதுங்குதலும் தவறு. அவர்கள் ஒரே காலத்தில் இரு கடிதங்களை எழுதுகின்றனர். முதற் கடிதத்தை வாசிக்க மறுப்போரிடம் இரண்டாவது கடிதத்தை அவர்கள் காட்டுவதில்லை. உணவூட்டி உயிரைக் காத்தலும், செவிகொடுத்து ஆளை அறிதலும் ஒன்றுக்கொன்று மாற்றானவையல்ல. உடல் தேறினாலன்றி உள்ளம் தெளியாது. தன் சொல் கேட்கப்படுகின்றது என்னும் நம்பிக்கை பிறந்தாலன்றித் தேறிய உடலில் வாழ நோயாளர் இசைவதுமில்லை.